கஸ் பென்ரோஸின் சட்டை

மலையில் நாலு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று பார்க்கிறோம், ஹார்லன் போகலாமா, மின்டா போகலாமா? போனை எடுத்தால் பாதி நேரம் இதே கேள்விதான். இரண்டும் கொலராடோ மலையில் கணவாய்க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கிடக்கிற பழைய வெள்ளிச் சுரங்க ஊர்கள். சுரங்கம் இரண்டிலும் மூடியாகிவிட்டது. மின்டாவுக்குத் தார்ச்சாலை உண்டு, வெந்நீர் ஊற்று உண்டு. எங்கள் ஹார்லனுக்கு ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பாதாளமாக ஒரு மண் பாதைதான். நான் ஹார்லனில் விடுதி நடத்துகிறவள், எங்கள் ஊருக்கே வாருங்கள் என்றுதான் சொல்வேன். அங்கே இல்லாதது உங்களிடம் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். அதற்கு எங்கள் ஊர்ச் சபை கண்டுபிடித்து வைத்திருந்த பதில், டெல்ஃபினா பென்ரோஸுடைய புருஷனின் சட்டை.

சுரங்க வாசலில் உடை மாற்றும் கொட்டகை இருக்கிறது. வேலைக்கு இறங்குகிறவன் தன் வீட்டு உடுப்பையும் பூட்சையும் தன் நம்பர் தகடு தொங்கும் கொக்கியில் மாட்டி, சங்கிலியால் கூரைக்கு ஏற்றிக் கட்டிவிட்டுப் போவான். மேலே வந்ததும் அவனே இறக்கிக்கொள்வான். வராமல் போனவனுடைய உடுப்பை அவன் வீட்டுப் பெண்தான் இறக்க வேண்டும். அதுவரை அந்தச் சங்கிலியில் வேறு யாரும் கைவைக்கக் கூடாது. எங்கள் ஊர்க் குடிகாரப் பயல்கள் மீறாத ஒரே கட்டுப்பாடு அதுதான்.

டெல்ஃபினாவின் புருஷன் கஸ் கீழ்த்தளத்தில் கூரை சரிந்து மாட்டிக்கொண்டான். உடலை எடுக்கப் போனால் இன்னும் நாலு பேர் சாவார்கள் என்று சொல்லிக் கம்பெனி அந்தத் தளத்தையே சுவர் வைத்து அடைத்துவிட்டது. டெல்ஃபினா அப்போது பிள்ளைத்தாய்ச்சி. உடம்பைக் காட்டுங்கள், சட்டையை இறக்குகிறேன் என்று சொல்லிவிட்டாள். அவர்கள் காட்டவில்லை, இவளும் இறக்கவில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து மகளை வளர்த்தாள். அவள் வைக்கும் பச்சை மிளகாய்க் குழம்பைத் தின்றுவிட்டு ஊரே மூக்கைச் சிந்தும். லாரி ஓட்டுகிற ஒருவன் கட்டிக்கொள்கிறேன் என்று இரண்டு வருஷம் சுற்றிச் சுற்றி வந்தான். மேலே ஒருத்தர் உடுப்பு தொங்கும்போது உன் உடுப்பை எங்கே மாட்டுவது என்று கேட்டு அனுப்பிவிட்டாள்.

சுரங்கம் மூடியதும் கொட்டகையை விற்க வேண்டும், இறக்கித் தொலை என்று ஊரே அவள் வாசலில் வந்து நின்றது. கிறுக்கி என்றார்கள். பிறகு சுற்றுலாக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். கொட்டகை அருங்காட்சியகம் ஆயிற்று, சங்கிலிக்குக் கீழே 'இன்னும் காத்திருக்கும் மனைவி' என்று பலகை ஏறியது. இறக்கிவிடாதே என்று அதே வாய்கள் கெஞ்சின. அந்த வாய்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போன இலையுதிர் காலத்தில் டெல்ஃபினாவுக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. இந்த உயரம் இனி ஆகாது என்று டாக்டர் சொல்ல, மலைக்குக் கீழே பியூப்லோ நகரத்தில் இருக்கும் மகள் அழைத்துக்கொள்வதாக ஏற்பாடு. போவதற்கு முன்னால் உடுப்பை இறக்கிக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்துவிட வேண்டும் என்றாள். உடம்புதான் இல்லை, அவர் போட்ட துணியாவது மண்ணுக்குள் போகட்டும் என்று என்னிடம் சொன்னபோது அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். பாதிரியார் குழி வெட்டச் சொல்லிவிட்டார்.

சபைத் தலைவன் வெண்டல் டிப்பெட் ஓடி வந்தான். பனி விழட்டும், கூட்டம் குறையட்டும் என்றான். அடுத்த வருஷம் நானே கொண்டுவந்து தருகிறேன் என்றான். அவன் முகம் வெளுத்திருந்ததை ஊர் வருமானத்தைப் பற்றிய கவலை என்றுதான் நானும் நினைத்தேன்.

மறுநாள் காலை அவளைக் கைப்பிடித்துக் கூட்டிப் போனேன். என் விடுதியில் தங்கியிருந்த கன்சாஸ் தம்பதியும் ஒட்டிக்கொண்டார்கள். அடுத்து மின்டாவுக்குப் போவதா, இங்கேயே இருப்பதா என்று அவர்களுக்கு இன்னும் முடிவாகவில்லை. வெண்டல் ஏற்கெனவே கொட்டகையில் நின்றான்.

டெல்ஃபினா சங்கிலியை அவிழ்த்து மெல்ல இறக்கினாள். சட்டையை எடுத்து முகர்ந்தாள். இடது முழங்கையைத் தேடினாள். அவள் ஒட்டுப்போட்ட இடம் அது. ஒட்டு இல்லை. செருப்புக்கடைப் பளபளப்புப் போகாத பூட்சைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"இது அவரோடது இல்ல."

வெண்டல் தரையைப் பார்த்தான். "எலி கடிச்சுக் கந்தலாயிருச்சும்மா. வர்றவங்க முகம் சுளிச்சாங்க. அதான் புதுசு வாங்கி மாட்டினோம். கீழேருந்து பாத்தா வித்தியாசம் தெரியாது."

"பழசு எங்க?"

"குப்பையில போட்டுட்டோம். நாலஞ்சு வருஷம் ஆச்சு."

"சங்கிலிய யார் இறக்குனது?"

"நான்தான்."

"உங்கப்பன் இருந்திருந்தா அந்தக் கைய ஒடிச்சிருப்பான்." அவள் குரல் உயரவே இல்லை. "சரி, கொக்கியில இருக்கற அந்த நம்பர் தகடாவது கழட்டிக் குடு."

"அதுவும் புதுசுதாம்மா. பழச எவனோ திருடிட்டுப் போயிட்டான்."

அவனை அறையலாம் போல இருந்தது எனக்கு. கன்சாஸ்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து டெல்ஃபினாவின் தோளைத் தொட்டாள். நல்லவேளை இந்த ஊருக்கு வந்தோம், மின்டாவில் இப்படி ஒன்றைப் பார்த்திருக்க முடியுமா என்றாள்.

"மின்டாவுக்கே போங்கம்மா," என்றாள் டெல்ஃபினா. "அங்க வெந்நீராவது நெசம்."

கல்லறைத் தோட்டத்தில் பாதிரியாரும், கஸ்ஸோடு வேலை பார்த்த கிழவர்கள் இரண்டு பேரும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வெறுங்கையோடு வந்த எங்களைப் பார்த்து யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. டெல்ஃபினா குழி ஓரம் வரை போனாள், மூச்சு திரும்பும் வரை நின்றாள்.

"மூடிருங்க ஃபாதர்," என்றாள். "அவர் வரல."