இரண்டடிக்கு அப்பால்

கம்போடியாவில் ஒரு கிராமத்துப் பள்ளியில் தன்னார்வ ஆசிரியையாக இருந்தேன். கோடை விடுமுறையில் உடன் வேலை பார்த்த கம்போடியத் தோழியோடு அவள் ஊருக்குப் போனேன். வழியெல்லாம் வயல். வயலிலேயே வளர்ந்த நன்னிலத்துக்காரிக்குக் கேட்கணுமா? வண்டியை விட்டிறங்கி வரப்பில் நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

“நில்லு, அசையாதே” என்று அவள் அலறினாள். இரண்டடி முன்னால், புல்லுக்குள் மண்டை ஓடு வரைந்த சிவப்புப் பலகை. அதற்கு அப்பால், போர்க்காலத்தில் புதைத்த கண்ணிவெடி. வந்த தடத்திலேயே கால் வைத்துத் திரும்பினேன்.

“யார் நிலம்?”

“எங்களுதுதான். நான் பிறந்ததிலிருந்து யாரும் கால் வைத்ததில்லை.”

மறுநாள் அப்பா போன் செய்தார். “பக்கத்து வயக்காரன் நம்ம வரப்புல அரையடி வெட்டிட்டாம்மா. சும்மா விடமாட்டேன்.”

வழக்கமாக நானும் சேர்ந்து திட்டுவேன். அன்று, “வயலுக்குப் போனீங்களாப்பா?” என்று மட்டும் கேட்டேன்.

“இப்பத்தான் வெறுங்காலோட சுத்திட்டு வர்றேன். ஏம்மா?”

அதற்கே நாம் கொடுத்து வைத்திருக்கிறோம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?