பூசணிக்காய் ஏலமும் எங்கள் ஆலயத்துக் கூரையும்

எங்கள் ஆலயத்துக் கூரை தொங்க ஆரம்பித்தபோது, சரியாக அதன் கீழேதான் என் மகள் மெர்லின் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தாள். பாடகர் குழுவின் இடம் அது. மாற்றச் சொன்னால் ஒருவரும் கேட்கவில்லை.

கீழ்பென்னாத்தூர் பக்கத்துச் சின்ன ஆலயம் எங்களுடையது. தாத்தா காலத்து விவசாயிகள் கல்லும் சுண்ணாம்பும் சுமந்து தாங்களே கட்டியது. கருங்கல் சுவர், வளைவு ஜன்னல்கள், மர உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை. அழகுக்குக் குறைச்சலே இல்லை. ஆனால் சபையாருக்கு ஒரு பழக்கம். ஜெபம் கேட்கப்பட்டால், நேர்ந்துகொண்ட பொருத்தனையாகக் கூரைமேல் ஒரு பூச்சு சிமெண்ட் போடுவார்கள். மகனுக்கு வேலை கிடைத்தால் ஒரு பூச்சு, பேரன் பிறந்தால் இன்னொரு பூச்சு. நன்றியின் பாரம் தாங்காமல் உத்திரமே வளைந்துவிட்டது!

"உள்ளே யாரும் உட்காரக் கூடாது" என்றார் வந்து பார்த்த இன்ஜினியர். "அறுப்பின் பண்டிகை முடியட்டும்" என்றது கமிட்டி. மெர்லினோ, "ஆண்டவர் பாத்துப்பாரும்மா" என்று சிரித்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுப்படியிலேயே முழங்காலில் நின்று அழுதேன். "ஆண்டவரே, அது விழத்தான் போவுதுன்னா, உள்ள ஒரு ஆளும் இல்லாதப்ப விழட்டும்." அவ்வளவுதான் என் ஜெபம்.

பண்டிகை வந்தது. காணிக்கையாக வந்த நெல், வேர்க்கடலை, காய்கறிகளை வெளியே ஏலம் விட்டு, பிறகு எல்லாரும் உள்ளே போய் ஆசீர்வாதம் வாங்குவது எங்கள் வழக்கம். கடைசியாக ஒரு பூசணிக்காய். என் வீட்டுக்காரர் கேட்டார். அவரோடு பேச்சுவார்த்தையே இல்லாத என் அண்ணன் ஏற்றிக் கேட்டார். இவர் இன்னும் ஏற்றினார். இரண்டு பேரும் விடுவதாக இல்லை!

"என்னங்க, வீட்ல ஏற்கனவே பூசணிக்கா கெடக்குதுங்க!" என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"நீ சும்மா இரு. உங்க அண்ணனுக்கு விட்டுத் தர மாட்டேன்."

"நேரமாச்சு, உள்ள வாங்க" என்று போதகர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். யார் நகர்ந்தார்கள்? கடைசியில் அவரே வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். உள்ளே வாசித்துக்கொண்டிருந்த மெர்லினும் ஓடி வந்தாள். "அப்பா எவ்ளோ ஏத்திட்டாரும்மா?" என்று அவள் கேட்டு வாய் மூடவில்லை, இடி விழுந்ததுபோல் சத்தம்! வாசலெல்லாம் புழுதி. கூரை மொத்தமும் உள்ளே கிடந்தது. கீபோர்டு இருந்த இடமே தெரியவில்லை. உள்ளே ஒரு ஆளும் இல்லை!

மெர்லினை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அலறினேன். ஏலம் கேட்ட இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். பூசணிக்காய் யாருக்கும் போகவில்லை, சபைக்கே சாம்பாராகிவிட்டது.

சுவரும் வளைவுகளும் அசையவில்லை. இப்போது மேலே லேசான தகரக் கூரை போட்டிருக்கிறோம். அண்ணன் எங்கள் வீட்டில் சாப்பிடுகிறார். நானும் முன்போல் எதற்கெடுத்தாலும் பதறுகிறவளாக இல்லை.

ஜெபிக்க வார்த்தை வரவில்லையே என்று கலங்குகிறவர்களே, உங்கள் பயத்தையே ஆண்டவரிடம் சொல்லுங்கள். பிடிவாதம் பிடித்த இரண்டு பேரை வைத்தே அவர் என் பிள்ளையை எனக்குத் திரும்பத் தந்தார். உங்களுக்கும் செய்வார்!