பார்சல் இல்லாத பயணம்

குன்னத்துகால் சந்திப்பில் சிவானந்தத்தின் மின்சாதனக் கடைக்கு நல்ல பெயர் உண்டு. ஒரு மோட்டார் ரொம்ப நாள் ஓடாது என்று தெரிந்தால், அதை வாங்க வந்தவரிடமே சொல்லிவிடுகிற ஆள் அவர். தாத்தா திருவிதாங்கூர் காலத்தில் வரி வாங்கிய பார்வத்தியக்காரர். அரசாங்கச் சோறு தின்ற குடும்பம் பொய் பேசக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். அப்படிப்பட்ட மனுஷன் ஐம்பத்தெட்டு வயதில் ஒரு பொய் சொன்னார். சின்னப் பொய்தான். ஆனால் பழக்கமில்லாதவன் பொய் சொன்னால் அது சொன்னவன் கைக்கு அடங்காது.

துபாய்க்கு ஒரு வாரச் சுற்றுலா. மனைவி லேகாவின் நெடுநாள் ஆசை. ரத்த அழுத்தம் பார்த்த டாக்டரும், கொஞ்ச நாள் கடையை மறந்துவிட்டு எங்காவது போய் வாருங்கள் என்றார். சுற்றுலா நிறுவனத்தின் விளம்பரத்தில் ‘டென்ஷன் இல்லாத விடுமுறை’ என்று போட்டிருந்தது. லேகா அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

டென்ஷன் எங்கிருந்து வரும் என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். ஒருவர் வளைகுடாவுக்குப் போகிறார் என்று காதில் விழுந்தால் போதும், தெருவே பொட்டலத்தோடு வாசலில் வந்து நிற்கும். மகனுக்கு முறுக்கு, மருமகனுக்குச் சக்கை வற்றல், பேறு கழிந்த மகளுக்கு லேகியம். எதிர்க்கடை ஜெயசிங் போனபோது யார் வீட்டு மாங்காய் ஊறுகாயோ பெட்டிக்குள் உடைந்து, கொண்டுபோன சட்டையெல்லாம் எண்ணெய். பொட்டலங்களைக் கொடுக்க டாக்ஸியில் அலைந்ததுதான் அவர் பார்த்த துபாய்.

“ஒருத்தர்ட்டயும் இதப் பத்தி மிண்டப்படாது,” என்றாள் லேகா. “முக்கியமா ஷியாமளாட்ட.”

ஷியாமளா அடுத்த வீடு. மகன் சஜு துபாயில் ஏசி மெக்கானிக். ஊருக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. புருஷன் போனபின் அவளுக்கு மிச்சம் அந்தப் பிள்ளையும் முழங்கால் வலியும்தான். அவளுக்குத் தெரிந்தால் பாதிப் பெட்டி சஜுவின் பலகாரத்துக்குப் போய்விடும் என்றாள் லேகா. சிவானந்தத்துக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பழியை லேகா தலையில் மட்டும் கட்ட முடியாது.

ஆனால் புதுப்பெட்டி ஆட்டோவிலிருந்து இறங்கும்போது ஷியாமளா மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

“எங்கயாக்கும் அண்ணா, இவ்வளவு பெரிய பெட்டி?”

சிவானந்தத்தின் வாய் முந்திக்கொண்டது. “திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்கு. வயித்துல ஒரு டெஸ்டு உண்டு. ஒரு வாரம் கிடக்கணுமாம்.”

அவள் முகம் செத்துப்போயிற்று. அவள் புருஷனும் வயிற்றில் டெஸ்டு என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். அது சிவானந்தத்துக்கு நினைவு வந்தபோது, சொன்ன சொல் மதிலைத் தாண்டியிருந்தது.

மறுநாள் பிளாஸ்க்கும் போர்வையுமாக வந்தாள்.

“லேகாக்கா, இத வச்சுக்கிடுங்க. வெந்நீருக்கு ஓட்டலத் தேடி ஓடாண்டாம். அவிய கிடந்தப்ப எனக்கு இதாக்கும் துணை.”

கட்டிலில் லேகாவின் புதுத்தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் கிடந்தன. லேகா படக்கென்று அவற்றின் மேல் உட்கார்ந்தாள். கண்ணாடி நொறுங்கியது ஷியாமளாவுக்குக் கேட்கவில்லை, சிவானந்தத்துக்குக் கேட்டது. வேறு நாளாயிருந்தால் சிரித்துச் சிரித்து வயிறு நொந்திருக்கும். அன்றைக்கு அவரால் அந்த பிளாஸ்க்கை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சேதி ஊரெல்லாம் பரவியது. கடைக்கு வந்தவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். கஞ்சன் தங்கையன் பேரம் பேசாமல் பல்பு வாங்கியதைக் குன்னத்துகால் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தது. ஒவ்வொரு அனுதாபத்துக்கும் சிவானந்தம் கூனிக்குறுகினார். ஷியாமளாவிடம் உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றார் லேகாவிடம்.

“இனி சொன்னா காறித் துப்புவாவ,” என்றாள் லேகா. அவளுக்கும் சோறு இறங்கவில்லை. டென்ஷன் இல்லாத விடுமுறைக்குத் தயாரானதில் இரண்டு பேருக்கும் ரத்த அழுத்தம் ஏறியதுதான் மிச்சம்.

புறப்படும் காலையில் டாக்ஸி வந்துவிட்டது. லேகா ஏறி உட்கார்ந்தாள். சிவானந்தம் கதவைப் பூட்டித் திரும்பினால், ஷியாமளா நொண்டி நொண்டி வருகிறாள். கையில் இலைக்கீற்று, அதில் முருகன் கோவில் திருநீறு.

“சஜுட்டயும் சொல்லியாச்சு அண்ணா. அவனும் வெள்ளிக்கிழம ஒரு நேரம் பட்டினி கிடந்தான்.” சொல்லிக்கொண்டே அவர் நெற்றியில் பூசினாள்.

அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

“ஷியாமளா, எனக்கு ஒரு நோவும் இல்ல. நாங்க துபாய்க்காக்கும் போறது. நீ பொட்டலம் தருவியோன்னு பேடிச்சுப் பொய் சொன்னேன்.”

டாக்ஸிக்குள் லேகா தலையைக் குனிந்துகொண்டாள். ஷியாமளா மிச்சத் திருநீற்றை இலைக்கீற்றில் மடக்கினாள். இரண்டு வசவு வைதிருந்தால் சிவானந்தத்துக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

“பெட்டியில பாதிய ஒழிச்சுத் தாறேன். சஜுவுக்கு என்ன உண்டோ எடுத்துட்டு வா. நானே கொண்டு குடுக்கேன்.”

“ஒண்ணும் இல்ல அண்ணா. இந்த ஒரு வாரமா நான் அடுப்புல ஒண்ணும் செய்யல்ல, கோவில்லயாக்கும் கிடந்தேன்,” என்றாள். பிறகு கேட்டாள்: “நெசமாவே வயித்துல ஒண்ணும் இல்லியே?”

“இல்ல.”

“சத்தியமா?”

“சத்தியமா ஒண்ணும் இல்ல.”

அவள் மூச்சு விட்டாள். கோவில் இருந்த திசையைப் பார்த்துக் கைகூப்பினாள்.

“உங்களுக்கு ஒண்ணும் இல்லன்னு வந்தா, மூணு சுத்து அடிப்பிரதட்சணம் செய்வேன்னு முருகனுக்கு நேர்ந்திருந்தேன். ஒண்ணும் இல்லன்னு இப்பத் தெரிஞ்சாச்சில்லா. இனி நேர்ச்சயக் கடனா வச்சிருக்கப்படாது. நீங்க நேரத்தோட போயிட்டு வாங்க.”

சொல்லிவிட்டு நடந்தாள். பெட்டியோடு வாசலில் இருந்த பிளாஸ்க்கைத் திருப்பிக் கொடுக்கலாமென்று கையில் எடுத்தவர் அப்படியே நின்றார்.

ஒழிக்காத பெட்டி டிக்கியில் ஏறியது. வண்டி கோவில் வாசலைக் கடந்தபோது சிவானந்தம் பார்த்தார். அவள் ஒரு கையால் கோவில் மதிலைப் பிடித்து, ஒரு பாதத்தின் விரலோடு மறு பாதத்தின் குதிகாலை ஒட்டி ஒட்டி வைத்து, முதல் சுற்றைத் தொடங்கியிருந்தாள். அவருக்கு இல்லாத நோய்க்காக அவளுடைய நோகும் கால் நடந்துகொண்டிருந்தது.

பாறசாலை தாண்டியாயிற்று. அவர் நெற்றியில் திருநீறு காய்ந்து உதிரத் தொடங்கியிருந்தது. துடைக்கக் கை வரவில்லை. அதை வைத்துக்கொண்டு லேகாவின் முகத்தைப் பார்க்கவும் கூசியது.