எல்லாரும் எறங்கோணுங்க

மஸ்கட்டில் பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தியதும் என் கை தானாகக் கதவைத் திறந்துவிடுகிறது. இங்கே யாரும் இறங்குவதில்லை. கண்ணாடியை நாலு விரல் இறக்கி, கார்டை நீட்டிவிட்டு, உட்கார்ந்தபடியே போனைப் பார்ப்பார்கள். நான் மட்டும் கொதிக்கிற வெயிலில் இறங்கி நிற்பேன். பெட்ரோல் போடும் ரஃபீக் வங்கதேசத்துக்காரர். அளவில் ஏமாற்றிவிடுவார் என்று பயந்துதான் இறங்குகிறேன் என நினைத்துவிட்டார். மீட்டரைக் காட்டி, "ஜீரோ, மேடம், ஜீரோ" என்பார். "ஐயோ, அதுக்கில்லை" என்று கையை ஆட்டுவேன். அப்போதும் அவர் முகம் வாடித்தான் இருக்கும். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் இதை எப்படி விளக்குவது?

ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொன்னால் புரியும். உடுமலைப்பேட்டையில் தேங்காய் மண்டி வைத்திருந்த என் அப்பா, சொந்தக்காரர்கள் பயமுறுத்தியும் கேளாமல், கேஸில் ஓடும் காரை வாங்கினார். டிக்கியைச் சிலிண்டரே அடைத்துக்கொண்டது. தேங்காய் வியாபாரியின் காரில் ஒரு மூட்டை தேங்காய் வைக்க இடமில்லை என்று ஊரே சிரித்தது. அதில் பெட்ரோல் டேங்க்கும் உண்டு. கேஸ் தீர்ந்தால் பெட்ரோலுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அப்பா அதில் அடிமட்டத்துக்கு மேல் ஊற்ற விடமாட்டார். ஆத்துல போட்டாலும் அளந்து போடுகிற மனிதர். ஏன் என்று கேட்டால், "பெட்ரோலு ஆபத்துக்குத்தாங் கண்ணு" என்பார்.

போன வருடம் அவருக்கு வயிற்றில் புற்று என்று தெரிந்ததும் லீவு போட்டுவிட்டு ஓடினேன். கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குத் தம்பி செந்தில்தான் வண்டி ஓட்டுவான். பொள்ளாச்சி ரோட்டில் கேஸ் போட வரிசையில் நிற்போம். முறை வந்ததும் பங்க்கில் வேலை செய்யும் ஓர் அம்மா குனிந்து, "ஏனுங்க, எல்லாரும் எறங்கோணுங்க" என்பார். கேஸ் ஏறும்போது வண்டிக்குள் ஒருவரும் இருக்கக்கூடாது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "முடியாதவருங்க. அவரு மட்டும் உள்ள இருந்துக்கட்டுமே?" என்று சண்டைக்குப் போவேன். அப்பா விடமாட்டார். "சும்மா இரு அம்மணி. எனக்குன்னு தனிச் சட்டமா?" காலிரண்டையும் வெளியே வைத்து, என் தோளைப் பிடித்து எழுந்து, தகரக் கூரையின் நிழல் வரைக்கும் நடப்பார். அங்கே நின்று, மூச்சு வாங்கிக்கொண்டே, "எறங்கிப்போட்டேன் பாத்தியா?" என்று சிரிப்பார். டாக்டர் சொன்னதை நாங்கள் யாரும் நம்பவில்லை. அவர் இறங்குவதைத்தான் நம்பினோம். பாழாய்ப்போன லீவு முடிந்து நான் திரும்பிய வாரத்திலும் இறங்கி நின்றார்.

பிறகு ஒருநாள் காலை வீடியோ காலில் வந்தார். காரின் முன்சீட்டில் சாய்ந்திருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"பங்க்குல எறங்குனீங்களாப்பா?" எப்போதும் போலக் கேட்டேன்.

"தம்பி டேங்க் நெறையப் பெட்ரோலு ஊத்திப்போட்டான் கண்ணு" என்றார். "இனி நான் எறங்க வேண்டியதில்லையாமா."

"செரமப்படுத்த வேண்டாம்னுதான்க்கா" என்றது செந்திலின் குரல். பாசத்தில் செய்தவனை என்னவென்று திட்டுவது? பெட்ரோல் ஆபத்துக்குத்தான் என்று அவனுக்கும் சொல்லிக்கொடுத்தவர் அப்பாதான். அவர் ஜன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை; அடுத்த லீவு எப்போது என்றுகூட. டிக்கெட் கிடைத்து நான் வந்து சேர்வதற்குள் தகனம்வரை எல்லாம் முடிந்திருந்தது. அழக்கூட எனக்கு அவர் முகம் மிச்சமில்லை.

நேற்று இங்கே பங்க்குக்குள் திரும்பும்போது செந்தில் கூப்பிட்டான். அவனும் பொள்ளாச்சி ரோட்டில் கேஸ் வரிசையில் நிற்கிறானாம். மண்டி விஷயம் ஏதோ பேசிக்கொண்டிருந்தவன், "வெச்சர்றேன்க்கா, முறை வந்துருச்சு" என்றான். போன் அணைவதற்குள் அந்த அம்மாவின் குரல் கேட்டது.

"ஏனுங்க, எல்லாரும் எறங்கோணுங்க."

நான் இறங்கினேன். "ஜீரோ, மேடம்" என்றார் ரஃபீக், அதே வாடிய முகத்தோடு. சரி என்று தலையாட்டிவிட்டு, டேங்க் நிறையும்வரை வெயிலிலேயே நின்றேன்.