இடப்பக்கம் பாருங்கள்

அவளுக்குப் பராக்கு என்று பெயர் வைத்தவள் பெற்ற அம்மாதான். நூல்கண்டு வாங்கி வா என்று கடைக்கு அனுப்பினால், வழியில் எவனோ ஏணிமேல் நின்று பெயர்ப்பலகைக்குச் சாயம் அடிப்பதைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் நிற்கிற பிள்ளையை வேறு என்னவென்று கூப்பிடுவதாம்? பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் இருந்தது. அது சான்றிதழில் பத்திரமாக இருக்கிறது. இருபத்தாறு வயதாகியும் ஊருக்கும் உறவுக்கும் அவள் பராக்குதான்.

அப்படிப்பட்டவள் எழுத்தாளரானதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. வேறெந்த வேலைக்கும் லாயக்கில்லை என்று சொன்னால் கொஞ்சம் கடுமைதான், ஆனால் பொய்யில்லை. ஒரு வாரப் பத்திரிகையில் நான்கு வருடம் இருந்தாள். சினிமா விமரிசனம், வாசகர் கடிதங்களுக்குப் பதில், மாதம் ஒரு சிறுகதை. கடிதம் வராத வாரங்களில் கடிதத்தையும் அவளே எழுதினாள். கோடை தொடங்கிய முதல் வாரத்தில் ஆசிரியர் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்து ஆளுக்கொரு டீ வாங்கிக் கொடுத்தார். மனிதர் மகா கஞ்சம். டீ வந்தபோதே விஷயம் எல்லாருக்கும் புரிந்துபோயிற்று. அந்த இதழோடு பத்திரிகைக்கு மூடுவிழா.

அதற்குப் பிறகு வந்த இரண்டு வாரங்களை அவள் எப்படிக் கழித்தாள் என்று கேட்டால் அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. அவள் அறை மாடியில், தகரக் கூரைக்குக் கீழே. பதினொரு மணிக்குமேல் அங்கே மனுஷர் இருக்க முடியாது. ஜன்னலில் ஈரத் துண்டைக் கட்டிவிட்டுத் தெருவில் இறங்கினால், கால் தானாகக் குளிர்சாதனத் திரையரங்குக்குப் போகும். ஒரே படத்தை மூன்று மதியம் பார்த்தாள். மூன்றாவது தடவை திரையைப் பார்க்கவேயில்லை. இருட்டில் முன்வரிசைத் தலைகள் ஒன்றோடொன்று சாய்வதையும் விலகுவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்தால் வெயில் பழுத்துப்போய், தெருவே தண்ணீருக்குள் இருக்கிற மாதிரி அசையும். அந்த நேரத்தில் அவளுக்கு வேலை போனதுகூட வேறு யாருக்கோ நடந்த சங்கதியாகத் தோன்றும்.

அம்மாவின் தொலைபேசி வந்தால்தான் விழிப்பு. அம்மா மூன்று மணி நேர ரயில் தூரத்தில், பள்ளிச் சீருடை தைக்கிற பட்டறையில் இருபது வருடமாகத் தைக்கிறாள்.

"கிளம்பி வந்துடு. என் பக்கத்துல ஒரு மிஷின் காலியாத்தான் கிடக்கு. நான் சொல்லி வச்சிருக்கேன்."

"எனக்குத் தைக்கத் தெரியாதேம்மா."

"எழுதத் தெரிஞ்சு என்னத்தைக் கண்டே? கத்துக்க."

அம்மா கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருந்தது. பராக்கு அந்த மிஷினைப் பார்த்திருக்கிறாள். சுவரைப் பார்த்துப் போட்டிருக்கும். அதில் போய் உட்கார்ந்தால் எழுத்துக்குத் தலைமுழுக வேண்டியதுதான் என்று அவளுக்குத் திட்டவட்டமாகத் தெரியும்.

அப்போதுதான் நகரத்தைச் சுற்றிக்காட்டும் மாடிப் பேருந்தில் வேலை கிடைத்தது. மேல்தளத்துக்குக் கூரை கிடையாது. பயணிகள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டால் ஒவ்வொரு இடத்தைப் பற்றியும் பதிவு செய்த குரல் ஒன்று பேசும். அந்தக் குரல் பேசவேண்டியதை அவள் எழுத வேண்டும். பிறகு தினமும் வண்டியில் ஏறி ஹெட்போன் கொடுத்து வாங்க வேண்டும்.

"கோடை முடியுற வரைக்கும் தற்காலிகம்," என்றார் மேலாளர். "ஜனங்களுக்குப் பிடிச்சிருந்தா நிரந்தரம். ஒரே ஒரு புகார் வந்துச்சோ, அவ்வளவுதான். நடையைக் கட்ட வேண்டியதுதான்."

குறிப்பெடுக்க நான்கு நாள் காலி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார் ஓட்டுநர் அண்ணன். முதல் நாள் எதிர்வெயில் கண்ணைக் குத்தியது, காற்று காகிதத்தைப் பிடுங்கியது. மூன்று பக்கம் சந்தைக் கூரைமேல் பறந்துபோனது. இன்னும் அங்கேதான் கிடக்கும். மறுநாளிலிருந்து ஒரு வழி கண்டுபிடித்தாள். மேல்தளத்தின் முன்கோடியில், பயணிகளைப் பார்த்தபடி வழிகாட்டி உட்காருவதற்கென்று ஒரு ஒற்றை இருக்கை உண்டு. அதில் வண்டி போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். காற்றும் வெயிலும் முதுகோடு போயின. காகிதம் மடியில் சமர்த்தாக இருந்தது.

அப்படி உட்கார்ந்து பார்த்த நகரம் அவளுக்குப் புதிதாக இருந்தது. எதுவும் எதிரே வந்து முட்டவில்லை. எல்லாமே தோளைத் தாண்டி மெதுவாக விலகிப்போயிற்று. மரக்கிளைகள், கொடியில் காயும் துணி, இரண்டாம் மாடியில் தூங்குகிற ஒரு பூனை, மணிக்கூண்டு, நூலகம். போய்வருகிறேன் என்று ஒவ்வொன்றும் சொல்லிக்கொண்டு போகிற நேரத்தில் அதைப் பற்றி எழுதினாள். நன்றாகவே எழுதினாள், அதைச் சொல்லத்தான் வேண்டும். வானொலியில் செய்தி வாசித்து ஓய்வுபெற்ற குரல்காரர் ஒருவர் இரண்டே நாளில் அதைப் படித்துக் கொடுத்துவிட்டு, கடல் தாண்டி மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மேலாளர் அலுவலகத்தில் கண்ணை மூடிக்கொண்டு, கையில் கடிகாரத்தோடு முழுவதையும் கேட்டார். "நேரம் கச்சிதம். பிரமாதம்மா!" என்றார்.

முதல் நாள் மேல்தளத்தில் பதினொரு பேர். பராக்கு கடைசி வரிசையில், காதில் ஹெட்போனோடு, காகிதம் பறந்த அந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக எல்லாரையும்போல முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தாள். வண்டி நூலகத்தெருவில் திரும்பியது.

"இடப்பக்கம் பாருங்கள்," என்றது குரல். "நூற்றிருபது ஜன்னல்கள். ஒவ்வொரு ஜன்னலுக்குப் பின்னும் யாரோ ஒருவர் இந்த நிமிடம் ஒரு பக்கத்தைப் புரட்டுகிறார்."

பதினொரு தலைகளும் இடப்பக்கம் திரும்பின. அங்கே காரை பெயர்ந்த கிடங்குச் சுவர் இருந்தது. பக்கத்தில் ஒரு பால்கனி. அதில் பனியனோடு ஒருவர் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். நூலகம் வலப்பக்கத்தில், பார்க்க நாதியில்லாமல் நின்றது.

அடிப்பாவி! முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுதினாளே, அவளுடைய இடதெல்லாம் ஜனங்களுக்கு வலது. மணிக்கூண்டு, நீதிமன்றம், பூச்சந்தை, எல்லாம் தலைகீழ். ஆறு மட்டும் பிழைத்தது. பாலத்தின்மேல் போனால் இரண்டு பக்கமும் ஆறுதானே.

இறங்கும்போது எல்லாரும் சண்டைக்கு வருவார்கள் என்று படியோரம் நின்றாள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. "நல்லா இருந்துச்சு," என்று ஹெட்போனைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒருத்தர் கிடங்குச் சுவரைப் படமே எடுத்திருந்தார். கீழ்த்தளத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் ஓட்டுநர் அண்ணன் காதுக்கும் இது எட்டாது.

இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒன்பது நாள் ஓடிற்று. சொன்னால் வேலை போகும், வேலை போனால் மிஷின். இதற்கு நடுவே அந்தப் பால்கனிக்காரர் வேறு. தினமும் ஒரு வண்டி நிறைய ஜனங்கள் பயபக்தியோடு தன்னைப் பார்ப்பதை அவர் கவனித்துவிட்டார். நான்காம் நாள் சட்டை போட்டுக்கொண்டு நின்றார், ஏழாம் நாள் கையசைத்தார். பயணிகளும் அசைத்தார்கள். சாயங்காலம் அறைக்கு வந்து தரையில் மல்லாந்து படுத்தால், அவளுக்கே எது நூலகம் எது கிடங்கு என்று குழம்பும். அந்தச் சுவருக்குப் பின்னாலும் யாரோ பக்கம் புரட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொள்வாள். சுகமான சமாதானம்.

பத்தாம் நாள் காலை, வண்டி கிளம்புகிற இடத்தில் அம்மா வந்து நின்றாள். கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி நல்ல புடவை, கையில் பை.

"பட்டறைக்கு லீவு போட்டுட்டேன். நீ எழுதினதை அந்த ஆள் எப்படிப் படிக்கிறார்னு நானும் கேக்கணும்ல? எங்க ஏறணும்?"

பராக்கு பையை வாங்கிக்கொண்டாள். இன்றைக்கு வண்டி ஓடாது என்று ஒரு பொய் சொல்லலாம் என்று பார்த்தால், வண்டி பின்னாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது.

அம்மா நடுவரிசையில் உட்கார்ந்தாள். குரல் இடது என்றதும் இடது, வலது என்றதும் வலது. சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளையாகத் திரும்பினாள். கிடங்குச் சுவர் வந்தபோது கண்ணை இடுக்கிப் பார்த்தாள், புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு பார்த்தாள். பக்கத்து இருக்கைக்காரப் பெண்மணியிடம் குனிந்து என்னவோ கேட்டாள். அந்தப் பெண்மணி வேகமாகத் தலையாட்டினார். அதற்கப்புறம் அம்மா யாரையும் எதையும் கேட்கவில்லை.

மதியம் ஐஸ்கிரீம் கடையில் உட்கார்ந்தார்கள். அம்மா பாதி தின்றுவிட்டுக் கிண்ணத்தை நகர்த்தினாள்.

"இங்க நல்ல கண் டாக்டர் யாரு இருக்கா?"

"ஏம்மா?"

"கண்ணு போச்சுடி எனக்கு. ஜன்னலு ஜன்னலுன்னு அந்த ஆள் சொல்றாரு, எனக்கு வெறும் சுவருதான் தெரியுது. வெயில்ல கூசுதோன்னு பார்த்தேன். பக்கத்துல அந்தம்மாவைக் கேட்டா, தெரியுதே, எவ்வளவு அழகா இருக்குங்கறாங்க. மணிக்கூண்டும் தெரியலை, பூக்கடையும் தெரியலை. ஊசில நூல் கோக்குற பொழப்பு. பட்டறைல தெரிஞ்சா என்னை வச்சிருப்பாங்களா?"

பராக்கு முதலில் சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை, அழுகை வந்துவிட்டது. ஐஸ்கிரீம் கடை என்றும் பாராமல் அழுதாள்.

"உன் கண்ணு நல்லாத்தான் இருக்கும்மா. நான் மாத்தி எழுதிட்டேன்." முதுகைக் காட்டி உட்கார்ந்த கதையை ஒன்று விடாமல் சொன்னாள்.

அம்மா கேட்டு முடித்தாள். "அடச்சீ! நான் ஏன் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் திரும்பலைன்னு தெரியுமா? நீ எழுதினதுன்னா அது அங்கதான் இருக்கும்னு நினைச்சேன். என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன்."

பராக்கு ஐஸ்கிரீம் கிண்ணத்தை மெதுவாக அம்மா பக்கம் திருப்பித் தள்ளினாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"பத்து நாளா."

"நீ என் பொண்ணு, என்கிட்ட சொல்லிட்டே. அந்தம்மாவுக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுடி. வெக்கத்துல தலையாட்டியிருக்காங்க. இப்ப வீட்ல போய்க் கண்ணைக் கசக்கிட்டு உக்காந்திருப்பாங்க. அவங்களுக்கு யாரு சொல்லுவா?"

பராக்கு எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே மேலாளரிடம் போனாள். அம்மா வாசலில் நின்றாள். உள்ளே மேலாளர் கத்தியது தெருவரைக்கும் கேட்டது.

"குரல்காரர் கடல் தாண்டி உக்காந்திருக்காரு. புது ஆளைப் பிடிச்சுப் பதிவு பண்ண ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் நீயே மைக்கைப் பிடிச்சு நின்னு பேசு. பத்து நாளா வாயை மூடிட்டு இருந்தே பாரு, அதுக்கு, நிரந்தரங்கிற பேச்சே இனி இங்க கிடையாது. புரியுதா?"

"புரியுது சார்."

வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் பத்து நாளுக்கப்புறம் அன்றைக்குத்தான் அவளால் மூச்சை முழுதாக இழுத்துவிட முடிந்தது.

ஐந்து மணி வண்டிக்கு ஹெட்போன் கிடையாது, ஒலிபெருக்கிதான். அம்மா இந்தத் தடவை முதல் வரிசையில் இடம்பிடித்துக்கொண்டாள். பராக்கு முன்கோடியில், பயணிகளைப் பார்த்தபடி, கையில் மைக்கோடு நின்றாள். இத்தனை நாள் இடத்தையும் வலத்தையும் மாற்றிச் சொன்னவள் தான்தான் என்று முதலில் சொல்லிவிட்டாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். வண்டி நூலகத்தெருவில் திரும்பியது.

"வலப்பக்கம் பாருங்க," என்றாள், தன் இடக்கையை நீட்டி. "உங்களுக்கு வலது."

எல்லாரும் திரும்பினார்கள். மாலை வெயில் நூற்றிருபது ஜன்னலிலும் விழுந்து கிடந்தது. எழுதி வைத்ததை அவள் ஒரு வரியும் மறக்காமல் சொன்னாள். அம்மா மட்டும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி அந்தக் கட்டடத்தைத் தாண்டுகிறவரை பார்த்துவிட்டு, மகளைக் கிட்டே வா என்று கையசைத்தாள். பராக்கு மைக்கை அணைக்க மறந்து குனிந்தாள்.

"இதுவா அது?" என்றாள் அம்மா.

"இதுதாம்மா. ஏன், நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா காலைல வெறும் சுவத்தைப் பார்த்துக்கிட்டு, அந்த ஆள் சொல்லச் சொல்ல நானா ஒண்ணை மனசுல கட்டினேன் பாரு, அது இதைவிடப் பெருசா இருந்துச்சுடி. நீ அந்த மிஷினுக்கெல்லாம் வராதே."

ஒலிபெருக்கியில் அது வண்டி முழுக்கக் கேட்டது. யாரும் சொல்லாமலே மணிக்கூண்டு வந்தது, போனது.