மலையைப் பார்த்து அணைத்த கற்பூரம்

அடி அண்ணாமலையில் சந்திரம்மாள் வீட்டு வாசலில் கூடையை இறக்கக் காய்கறிக்காரர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். கால் கிலோ கத்தரிக்காய் வாங்க இருபது காயைத் திருப்பிப் பார்ப்பாள். ஒன்றில் புழு இருந்துவிட்டால் கூடைக்காரனின் ஏழு தலைமுறையையும் விசாரிப்பாள். செங்கம் சாலையில், ஆசிரமத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு லாட்ஜில் பதினாறு வருடமாக அறை கூட்டி, விரிப்பு மாற்றும் வேலை அவளுக்கு. வெள்ளைக்காரர்களோடு பேச அவளிடம் ஆறு இங்கிலீஷ் வார்த்தைகள் உண்டு. அந்த ஆறை வைத்துக்கொண்டே, விரிப்பில் டீயைக் கொட்டிவிட்டு இல்லை என்று சாதிப்பவர் யார் என்று கண்டுபிடித்துவிடுவாள். இப்படிப்பட்டவள் ஏமாந்தாள் என்றால் யார் நம்புவார்கள்? ஏமாந்ததைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். ஏமாந்த பிறகு தன் வாயாலேயே ஒன்று சொன்னாளே, அதுதான் இன்றுவரை முள்ளாகத் தொண்டையில் நிற்கிறது.

அவளுக்கு மனிதர் பேச்சில் நம்பிக்கை கிடையாது, கற்பூரத்தில் உண்டு. மலையைப் பார்த்து நின்று, கற்பூரம் கொளுத்தி, எரிகிற சுடரைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. இந்த நம்பிக்கை அவள் புருஷன் தருமனால் வந்தது. குடியை விட்டுவிடுகிறேன் என்று ஒரு தீபத்தன்று அவன் அப்படிக் கற்பூரம் அணைத்தான். இருபது நாள் தாங்கினான். அப்புறம் குடித்தான். அடுத்த மாதம் கீழ்பென்னாத்தூர் ரோட்டில் வேன் மோதிச் செத்தான். குடித்துவிட்டு நடுரோட்டில் நடந்தால் வேன் மோதாமல் என்ன செய்யும் என்று ஊரே சொன்னது. சந்திரம்மாள் ஒப்பவில்லை. மலையை ஏமாற்றினான், மலை விடவில்லை என்றுதான் அவள் இன்றும் சொல்வாள். அவன் போன பிறகு அவளுக்கு மிச்சம் ஒரே மகள், எழிலரசி.

எழிலரசிக்குப் பத்தொன்பது வயது. ப்ளஸ் டூ முடித்துவிட்டு டவுனில் ஒரு செல்போன் கடையில் நின்றுகொண்டிருந்தாள். நர்சிங் படிக்க வேண்டும் என்று ஆசை. அந்தச் சமயத்தில்தான் ராமதாஸ் வந்தான். ராமதாஸை எல்லோருக்கும் தெரியும். பௌர்ணமி தவறாமல் வெறுங்காலில் மலை சுற்றுவான், கிரிவலப் பாதையில் பந்தல் போட்டு வருகிறவர்களுக்கெல்லாம் தக்காளி சாதம் போடுவான், நெற்றி நிறைய விபூதி. ஆந்திராப் பக்கம் கடலோரத்தில் இறால் கம்பெனிக்குப் பெண் பிள்ளைகள் கேட்கிறார்கள் என்றான். இறால் தலையைக் கிள்ளித் தோலை உரிக்கிற வேலை, உட்கார்ந்து செய்யலாம், தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு. பத்து மாதத்தில் படிப்புக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்றான். சந்திரம்மாள் வீட்டில் இறால் சமைத்ததே கிடையாது. அதற்கு மீசை இருக்கும் என்பது வரைக்கும்தான் அவளுக்குத் தெரியும்.

அவள் சும்மா விடவில்லை. அவனை வாசலுக்குக் கூட்டிவந்து மலையைப் பார்க்க நிறுத்தினாள். சத்தியம் பண்ணு என்றாள். ராமதாஸ் தயங்கவே இல்லை. சட்டைப் பையிலிருந்து அவனே கற்பூரத்தை எடுத்தான். கற்பூரம் கைவசம் வைத்திருக்கிறானே, எவ்வளவு பக்திமான் என்று அவளுக்கு மனசு குளிர்ந்துபோனது. பத்து மாதம் முடிந்ததும் பெண்ணை இதே வாசலில் கொண்டுவந்து விடுகிறேன் என்று சொல்லி ஓங்கி அடித்து அணைத்தான். அப்புறம் சிரித்துக்கொண்டே கேட்டான்.

“நான் பண்ணிட்டேன்க்கா. நீங்களும் பண்ணணும்ல? நடுவுல ஓடி வந்துட்டா எம் பேரு கெட்டுடும்.”

நியாயம்தானே என்று பட்டது அவளுக்கு. அவளும் அணைத்தாள், எழிலரசியும் அணைத்தாள். அன்று முழுக்க, பேரத்தில் ஜெயித்தவளைப் போல சந்திரம்மாளுக்கு நடையில் ஒரு மிடுக்கு இருந்தது.

ஆனி மாதம் பெண் போனாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் வரும். சூப்பர்வைசர் போனிலிருந்து, ஐந்து நிமிஷம். நல்லா இருக்கேன்மா, சாப்பிட்டேன்மா, வச்சிடறேன்மா. ஆதார் கார்டைப் பதிவுக்கு வாங்கிவைத்திருக்கிறார்கள் என்று ஒரு முறை சொன்னாள். பத்திரமாக இருக்கட்டும் என்றாள் தாய்.

மார்கழியில் ஒரு நாள் மத்தியானம், லாட்ஜ் மாடியில் விரிப்பு உலர்த்திக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. எழிலரசி. ஒரு மெடிக்கல் ஷாப் போனிலிருந்து பேசுகிறேன் என்றாள். விரல் எல்லாம் வெந்து சீழ் வைத்துவிட்டது, இரண்டு நகம் தூக்கிக்கொண்டது, மருந்து வாங்க வார்டன் கூட்டிவந்திருக்கிறாள், டீ குடிக்கப் போயிருக்கிறாள். ஆறு மாதத்தில் வெளியே வந்தது இதுதான் முதல் தடவை. மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே வந்தவள் கடைசியில் குரலைத் தாழ்த்தினாள்.

“எதிர்ல பஸ் நிக்குதும்மா. மெடிக்கல்காரரு டிக்கெட்டுக்குத் தர்றேன்றாரு. கார்டு போனா போவட்டும். ஏறி வந்துடட்டாம்மா?”

சந்திரம்மாளுக்கு அந்த நிமிஷத்தில் கண் முன்னால் வந்தது மகளுடைய விரல் அல்ல. கீழ்பென்னாத்தூர் ரோட்டில் கோணி போட்டு மூடிக் கிடந்த தருமன்தான் வந்தான். புருஷனை எடுத்த மலை மகளையும் எடுத்துக்கொண்டால் என்ன செய்வது? வேலை என்றால் வலிக்கத்தான் செய்யும், நகம் போனால் முளைக்கும், உயிர் போனால் வருமா? இப்படித்தான் யோசித்தாள். அன்பினால்தான் யோசித்தாள், அதை யாரும் மறுக்க முடியாது.

“வேணாம் கண்ணு. கற்பூரம் அணைச்சிருக்கோம். உங்கப்பன் கதை தெரியும்ல? இன்னும் நாலு மாசந்தான், பல்லக் கடிச்சிக்க. உள்ள போயிடு.”

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது. பிறகு, “சரிம்மா,” என்றாள் எழிலரசி. தாய் சொல்லைத் தட்டாத பிள்ளை. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை போனும் வரவில்லை.

தை மாதம் கீழ்பென்னாத்தூரிலிருந்து மணிமொழி என்கிற பெண் தேடி வந்தாள். அவளும் அதே கம்பெனியில் இருந்தவள். காய்ச்சலில் விழுந்து எழுந்திருக்கவே முடியாமல் போனதால், இனி பிரயோஜனமில்லை என்று ரயிலில் ஏற்றிவிட்டிருந்தார்கள். இரண்டு கையும் வெளுத்து, தோல் உரிந்து, விரல்கள் மடங்காமல் இருந்தன. சந்திரம்மாள் கொடுத்த டம்ளரை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துத்தான் குடித்தாள். ஐஸ் தண்ணீரிலும் ப்ளீச்சிங் தண்ணீரிலும் நின்றுகொண்டே பதினாலு மணி நேரம் என்றாள். உட்கார்ந்து செய்யும் வேலை என்றானே என்று சந்திரம்மாள் கேட்டாள். மணிமொழி மேலே சொல்லிக்கொண்டே போனாள். வேலை முடிந்தால் அறையில் தள்ளி வெளியே பூட்டிவிடுவார்கள், போன் பேசும்போது பக்கத்தில் ஆள் நிற்கும், குறை சொன்னால் அடி விழும். வார்டன் டீ குடித்துவிட்டு வந்தபோது எழிலரசி அந்தப் போனைக் கையில் வைத்திருந்ததைப் பார்த்துவிட்டாள் என்றாள். மறுநாளே அவளை வேறு கம்பெனிக்கு மாற்றிவிட்டார்கள். எது என்று தெரியாது.

“உங்க வீட்டுலயும் கற்பூரம் அணைச்சாரா?” என்று மணிமொழி கேட்டாள். “எங்க வீட்டுலயும் அணைச்சாரு. எங்க கூட வந்த பதினோரு பேரு வீட்டுலயும்.”

சந்திரம்மாளுக்கு அந்தச் சட்டைப் பை ஞாபகம் வந்தது.

தைப் பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் ராமதாஸைப் பிடித்தாள். அவன் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. ரயில் ஏற்றிவிடுவது வரைக்கும்தான் தன் பொறுப்பு, மற்றதெல்லாம் அங்கே இருக்கும் மேஸ்திரி கையில் என்றான். “பத்து மாசம் ஆவட்டும்க்கா, அப்ப வந்து கேளுங்க. சத்தியம் நீங்களுந்தானே பண்ணீங்க?” என்று சொல்லிவிட்டு, அடுத்து நின்றவரின் தட்டில் சாதம் போட்டான். வரிசையில் நின்றவர்கள் அன்னதானத்தில் தகராறு செய்கிற அவளைத்தான் முறைத்தார்கள்.

லாட்ஜ் முதலாளியின் மகன் இளஞ்செழியன் படித்தவன், நல்ல பையன். மனு எழுதிக் கொடுத்தான். கலெக்டர் ஆபீஸில் மனுவை வாங்கிய அம்மாள் தன்மையாகத்தான் பேசினார். பெண் மேஜர், இஷ்டப்பட்டுப் போயிருக்கிறாள், கம்பெனி பெயராவது ஊராவது சொன்னால் அங்கே எழுதலாம் என்றார். மூடிய வேனில் கொண்டுபோய்ப் பூட்டியே வைத்திருந்ததால் மணிமொழிக்கும் ஊர் பெயரோ கம்பெனி பெயரோ தெரியவில்லை. சந்திரம்மாளிடம் இருந்தது மெடிக்கல் ஷாப் நம்பர் ஒன்றுதான். இளஞ்செழியன் பேசி ஊரைக் கேட்டு வாங்கினான். மாசி மாதம் அவளை அவனே கூட்டிப்போனான்.

மெடிக்கல் ஷாப்காரர் எழிலரசியை மறக்கவில்லை. பேசி முடித்த போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு அந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள் என்று காட்டினார். பஸ் கிளம்புவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். அவர் பணத்தைக்கூட எடுத்து நீட்டினாராம். வேண்டாம், எங்கம்மா உள்ளயே போகச் சொல்லிட்டாங்க என்றாளாம். இளஞ்செழியன் தெலுங்கிலிருந்து தமிழுக்கு மாற்றிச் சொல்ல முடியாமல் கொஞ்சம் முழுங்கினான். சந்திரம்மாள் விடாமல் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அந்த ஊரைச் சுற்றி ஒன்பது கம்பெனி. ஒவ்வொரு வாசலாகப் போனார்கள். அப்படி ஒரு பெயர் இல்லை என்றே எல்லா வாட்ச்மேனும் சொன்னான். ஐந்தாவது வாசலில் நின்றபோது இரண்டு பஸ் வந்து பெண்களை இறக்கியது. எல்லோருக்கும் ஒரே நீலத் தொப்பி, முகத்தை மூடிய துணி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். வெளியே தெரிந்தது கண் மட்டும்தான். சந்திரம்மாள் ஒவ்வொரு கண்ணாகப் பார்த்தாள். எல்லாக் கண்ணும் தூங்காத கண், எல்லாக் கண்ணும் எழிலரசியின் கண் போலவே இருந்தது. “எழிலூ,” என்று கத்தினாள். நாலைந்து பேர் திரும்பினார்கள், யாரும் நிற்கவில்லை. இருபது கத்தரிக்காயில் ஒரு புழுவைக் கண்டுபிடிக்கிறவளுக்கு, நூறு பெண்களில் பெற்ற மகளைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. வாட்ச்மேன் வந்து விரட்டினான். மற்ற நாலு வாசலிலும் இதே கதைதான்.

ஊருக்கு வந்து மறுபடி விரிப்பு மாற்றினாள். இந்த இறாலெல்லாம் பெட்டி பெட்டியாக வெளிநாட்டுக்குப் போகிறது என்று மணிமொழி சொல்லியிருந்தாள். லாட்ஜில் தங்கும் வெள்ளைக்காரர்களைப் பார்க்கும்போது அது நினைவுக்கு வரும். அவர்களோ இங்கே வந்து கீரையும் தயிரும்தான் சாப்பிடுகிறார்கள். யாரிடம் போய் என்ன கேட்பது? அவளுடைய ஆறு வார்த்தைகளில் அதற்கு வார்த்தை இல்லை.

சித்திரைப் பௌர்ணமியோடு பத்து மாதம் முடிந்தது. ராமதாஸ் அந்த முறை பந்தல் போடவில்லை. காசிக்குப் போயிருக்கிறான் என்றார்கள். வீடு பூட்டிக் கிடந்தது. சொன்ன வாசலில் பெண்ணைக் கொண்டுவந்து விட யாரும் வரவில்லை. சத்தியத்தை மீறியவனுக்குக் காலில் ஒரு முள்கூடக் குத்தினதாகத் தெரியவில்லை. இருபது நாள் தாங்கின தருமனுக்கே அந்தத் தண்டனை, இவனுக்கு என்ன? முதல் முறையாக அவளுக்கு மலையின் மேல் கோபம் வந்தது. வந்த வேகத்தில் பயமும் வந்தது.

ஒருவேளை மகள் இன்னும் அந்தச் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் வராமல் இருக்கிறாளோ என்று தோன்றியது. தோன்றியபின் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. கொடுத்த சத்தியத்தைத் திரும்ப எடுக்க என்ன முறை என்று கோயிலில் கேட்டாள். அப்படி ஒரு முறை இல்லையம்மா என்றார் குருக்கள். சரி, ஒரு முறையை நானே வைத்துக்கொள்கிறேன் என்று வந்தாள். அதே வாசலில், அதே இடத்தில் கற்பூரம் கொளுத்தினாள். இந்த முறை கையால் தொடவில்லை. கையால் அணைத்தது சத்தியம் என்றால், தானாக எரிந்து தீர்வது விடுதலையாக இருக்கட்டும். கடைசிப் பொட்டு கருகும் வரை நின்று பார்த்தாள். “எது வந்தாலும் எனக்கு வரட்டும். புள்ளைய வுட்டுடு,” என்று மலையிடம் சொன்னாள். மனசு கொஞ்சம் லேசானது. இனி மகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்று, குளிக்கும்போதுகூடப் போனைக் கண்ணில் படும் இடத்தில் வைத்துக்கொண்டாள்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. ஏழாம் நம்பர் அறையில் பாதி விரித்த விரிப்போடு நின்றாள் சந்திரம்மாள்.

“நல்லா இருக்கேன்மா,” என்றது எழிலரசியின் குரல். “சாப்பிட்டேன்மா.”

பக்கத்தில் ஆள் நிற்கும் என்று சந்திரம்மாளுக்குத் தெரியும். கேட்டால் கேட்கட்டும் என்று அவசர அவசரமாகச் சொன்னாள். “கண்ணு, சத்தியத்த நான் திரும்ப எடுத்துட்டேன். மலைகிட்ட சொல்லிட்டேன். உனக்கு ஒண்ணும் ஆவாது. நீ வந்துடு. இன்னிக்கே வந்துடு.”

எழிலரசி அழவில்லை. குரலில் கோபமும் இல்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னாள்.

“வாசல்ல பூட்டு தொங்குதும்மா. அன்னிக்கு ஒரு நாள்தாம்மா நான் வெளிய இருந்தேன்.”

யாரோ அதட்டும் சத்தம் கேட்டது. போன் துண்டானது. சந்திரம்மாள் அந்த எண்ணுக்குத் திரும்பத் திரும்பப் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகவே சொல்லிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே மலை இருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.