மீன்குழம்பை விழுங்கிய ஃபங்ஷன்

இன்று வெள்ளிக்கிழமை. வேலைக்கு வந்த வளைகுடா நாட்டில், எங்கள் ஃபர்வானியா ரூமில் மீன்குழம்பு இல்லை. காரணம், பத்தாம் வகுப்போடு நின்றுபோன நான் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் நிரல்.

ரூம் கம்ப்யூட்டரில் வார மெனு காட்ட ஒரு பக்கம் செய்திருக்கிறேன். எதிர் ரூம்காரர்கள் சைவம். அவர்களுக்காக எங்கள் மெனுவை ஃபங்ஷன் என்கிற ஒரு நிரல் துண்டுக்குள் அனுப்பி, மீன் இருந்த இடத்தில் கூட்டு என்று மாற்றினேன். உள்ளே போவது நகல் என்று எனக்கு நினைப்பு. பார்த்தால், எங்கள் மெனுவிலும் மீனைக் காணோம்.

இரண்டு ரூமுக்கும் சமைக்கும் கரீம் பாய் திரையைப் பார்த்தார். எல்லோருக்கும் கூட்டு வைத்துவிட்டார்.

"அண்ணே, இந்த ஒரு மீனுக்காகத்தான் வாரம் பூரா டியூட்டி பாக்குறோம். கம்ப்யூட்டர மூடிட்டு சுவத்துல பேப்பர ஒட்டுங்க, கலாஸ், வேலை முடிஞ்சுது!" என்று குதித்தான் எங்கள் ரூம் செல்வம்.

ஊரில் கம்ப்யூட்டர் படிக்கும் மகளிடம் சாட்டில் கேட்டேன்.

"ஃபங்ஷனுக்குள்ள போனது உங்க அதே மெனுதான்ப்பா. அங்க திருத்தினா இங்கயும் மாறும். நகல் எடுத்துட்டு அனுப்புங்க."

"உள்ளயே புதுசா ஒரு மெனு செஞ்சு, அதே பேர அதுக்கு வச்சிருந்தா?"

"அப்ப உங்க மீன் தப்பிச்சிருக்கும்."

பேப்பர் ஒட்ட மாட்டேன். அடுத்த வெள்ளி இதே திரையில் மீன் வரும். செல்வம் என்னைத் திட்டிக்கொண்டே இரண்டு துண்டு கேட்பான்.

அதுவரை, பக்கத்தில் இருப்பவர்கள் பாத்திரத்தோடு வாருங்கள். எங்கள் பங்குக் கூட்டு தொடாமல் இருக்கிறது. நகல் இல்லை, அசல்.